கருவினுட் புதைந்த விவரணம்: பணிசெயல் முறைமைகளின் வரலாற்றில் வன்பொருள் அறிவும் உடைமை உறவுகளும்

தொழினுட்ப வரலாறு என்ற பெயரில் எழுதப்படுவனவற்றுட் பெரும்பாலானவை கண்டுபிடிப்பாளர் சரிதங்களாகவோ, முன்னையதிலும் பின்னையது சிறந்தது என்னும் படிமுறை வளர்ச்சிக் கதைகளாகவோ அமைந்துவிடுகின்றன. இலக்கிய வரலாற்றைப் புலவர் சரித்திரமாக எழுதிய காலத்தை நாம் ஓரளவுக்குக் கடந்துவிட்டோம். பொறிகளின் வரலாற்றை எழுதுவோர் இன்னும் அக்கட்டத்திலேயே நிற்கின்றனர் என்று கூறுவது மிகையாகாது. இக்கட்டுரை எடுத்துக்கொள்வது மிகச் சிறியதொரு பொருள். கணினியின் பணிசெயல் முறைமைக்குக் கரு என வழங்கும் மையப் பகுதி ஒன்றுண்டு. அக்கருவின் கோப்புக்குள்ளேயே, அது இயங்கவிருக்கும் வன்பொருளின் விவரணத்தையும் வைத்து அனுப்பும் வழக்கம் எவ்வாறு தோன்றிற்று, எக்காரணத்தால் கைவிடப்பட்டது, கைவிடப்பட்டபின் ஏன் மீண்டும் வந்தது என்பதே வினா. பொறியியலாளர் இதனை வசதி பற்றிய செய்தியாகவே காண்பர். யார் எதனை அறிந்திருந்தனர், அவ்வறிவு யாருடைய உடைமையாயிருந்தது என்ற கேள்விகளோடு இதனை இணைத்து நோக்கினாலன்றி இவ்வரலாற்றின் வளைவுகள் விளங்கமாட்டா என்பது எமது கருத்து.

முதலில், விவரணம் எதற்கு? கரு என்பது வன்பொருளை ஆளும் நிரல். எந்த முகவரியில் நினைவகம் தொடங்குகிறது, கடிகாரம் எங்கேயுள்ளது, தொடர்பாடற் சாதனம் எந்த இடையூட்டுக் கம்பி வழியாகக் கருவை அழைக்கும் என்பனவற்றை அது அறிந்திருத்தல் வேண்டும். பீ.சீ.ஐ., யூ.எஸ்.பி. போன்ற இணைப்புகளிற் பொருத்தப்படும் சாதனங்கள் கேட்டால் தம் பெயரைத் தாமே கூறும். ஆனால் சில்லின் உள்ளே நேரடியாக இணைக்கப்பட்ட சாதனங்கள் ஊமைகள். அவை இருக்குமிடத்தை யாரேனும் சொன்னாலன்றிக் கரு அறியாது. இல்லாத முகவரியைத் தட்டிப் பார்த்தாலோ பொறி முழுவதும் நின்றுபோகவுங் கூடும். ஆகவே யாரோ ஒருவர் எழுதிவைத்தல் வேண்டும். எழுதுபவர் யார் என்ற இடத்திலேதான் வரலாறு தொடங்குகிறது.

1960களில் ஐ.பீ.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்./360 முறைமையைப் பயன்படுத்தியோர் 'முறைமை ஆக்கம்' என்றொரு சடங்கினைச் செய்தனர். நிலையத்திலுள்ள ஒவ்வொரு சாதனத்தையும் அதற்குரிய கட்டளைச் சொற்களால் விவரித்து, அவ்விவரணத்திலிருந்து அந்நிலையத்துக்கேயுரிய முறைமையைத் தொகுத்தெடுத்தனர். விவரணமும் கருவும் வேறுவேறல்ல என்பது அன்றைய இயல்பு நிலை. பெல் ஆய்வுகூடத்தின் யூனிக்ஸ் 7ஆம் பதிப்பிலும் (1979) இதே முறையைக் காண்கிறோம். சாதனங்களின் சிறு பட்டியலொன்றை ஒரு துணைநிரல் வாசித்து, கருவோடு சேர்த்துத் தொகுக்கப்படவேண்டிய சீ மொழிக் கோப்பினை எழுதித்தரும். இவற்றைப் பின்தங்கிய நிலை எனக் கொள்வது தவறு. பொறி ஒன்று, நிலையம் ஒன்று, அதனை அறிந்த ஊழியர் அங்கேயே இருந்தனர், மூலநிரல் யூனிக்ஸ் உரிமம் பெற்ற பல்கலைக்கழகங்களின் கையிலேயே இருந்தது. அறிவும் கருவியும் ஒரே இடத்தில் இருந்தபோது அவற்றைப் பிரிக்கவேண்டிய தேவை எழவில்லை.

பிரிவு ஏற்பட்டது பொறி பண்டமாகப் பெருகியபோது. 1981இல் ஐ.பீ.எம். தன் தனியாட் கணினியை வெளியிட்டது. 1983 அளவிற் கொம்பாக் முதலிய நிறுவனங்கள் அதனை ஒத்த பொறிகளை விற்கலாயின. ஒரே வட்டில் விற்கப்படும் முறைமை எல்லாப் பொறிகளிலும் இயங்கவேண்டுமாயின் பொறிகள் ஒன்றையொன்று ஒத்திருத்தல் வேண்டும். சந்தையே அந்த ஒப்புமையை வற்புறுத்திற்று. பின்னர் 1996இல் இன்ரெல், மைக்ரோசொஃப்ற், தொஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் ஏ.சீ.பீ.ஐ. என்னும் நியமத்தை வெளியிட்டன. பொறியின் நிலைபொருளுள்ளே அட்டவணைகளாக விவரணம் வைக்கப்படும். கரு அதனை வாசித்துக்கொள்ளும். அவ்வட்டவணைகளுள் வெறுந் தரவு மட்டுமன்றி, கரு தானே இயக்கவேண்டிய சிறு நிரல்களும் உள.

இவ்விடத்தில் ஓர் ஆவணத்தைக் குறிப்பிடாது செல்லவியலாது. அயோவா மாநிலத்தில் மைக்ரோசொஃப்ற்றுக்கெதிராக நடந்து 2007இல் இணக்கத்தில் முடிந்த வழக்கிற் சான்றாக வெளிவந்த மின்கடிதங்களுள் ஒன்று, 1999 சனவரி 24ஆந் திகதி பில் கேற்ஸ் எழுதியது. ஏ.சீ.பீ.ஐ.யின் விரிவாக்கங்களை ஏதோவொரு வகையில் வின்டோஸுக்கே உரியனவாக ஆக்கிவிடலாகாதா என அவர் அதில் வினவுகிறார். தாமும் தம் கூட்டாளிகளும் உழைத்த உழைப்பின் பயனை லினக்ஸ் உழைக்காமலே பெற்றுவிடுமே என்பது அவர் கவலை. இவ்விருப்பம் நிறைவேற்றப்பட்டது என்பதற்கு இக்கடிதம் சான்றாகாது. அவ்வாறு வாசிப்போர் ஆவணத்தை மீறிச் செல்கின்றனர். ஆனால் வன்பொருள் விவரணம் என்பது நடுநிலையான தகவலன்று, அது வேலி போடத்தக்க நிலம் என்ற உணர்வு உடைமையாளரிடம் எவ்வளவு தெளிவாக இருந்தது என்பதற்கு இதனிலுஞ் சிறந்த சான்று கிடைப்பது அரிது. உழைப்பு என்ற சொல் அங்கு வந்திருப்பதும் மனங்கொள்ளற்பாலது.

நிலைபொருளிலுள்ள அட்டவணை பிழையானால் என் செய்வது? பல மடிக்கணினிகளில் அது பிழையாகவே இருந்தது. வின்டோஸில் இயங்கினாற் போதும் என்ற அளவிலே தயாரிப்பாளர் பலர் சோதனையை நிறுத்திக்கொண்டனர். லினக்ஸ் பயனாளர்கள் அவ்விரும அட்டவணையைப் பிரித்தெடுத்து, மீள வாசிக்கத்தக்க வடிவிற்கு மாற்றி, பிழைதிருத்தி, திருத்திய பாடத்தைத் தமது கருவுக்குள்ளேயே வைத்துத் தொகுத்துக்கொண்டனர். அதற்கெனவே லினக்ஸ் கருவின் அமைவுத் தெரிவுகளில் ஒன்று உண்டு. ஏடெழுதுவோர் பிழைபட எழுதிய பாடத்தைப் பதிப்பாசிரியர் திருத்தி அச்சேற்றும் தொழிலை அறிந்தோர்க்கு இது புதிதாகத் தோன்றாது. சுவடியின் உரிமையாளர் அதனைத் திருத்த இடந்தரவில்லை. ஆகவே திருத்தம் வேறோரிடத்தில் ஏறிற்று.

மற்றொரு மரபு சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. 1989இல் வெளியான ஸ்பார்க்ஸ்ரேசன் 1 இல் மிற்ச் பிராட்லி உருவாக்கிய ஓப்பன்பூற் என்னும் நிலைபொருள் இருந்தது; ஃபோர்த் மொழியில் அமைந்தது. 1994இல் ஐ.ஈ.ஈ.ஈ. 1275 என்ற நியமமாகி, ஓப்பன் ஃபேம்வெயர் எனப் பெயர் பெற்றது. பொறியிலுள்ள சாதனங்களையெல்லாம் கிளைகளும் இலைகளும் உள்ள ஒரு மரமாக அது அடுக்கித் தந்தது. சாதன மரம் என்ற பெயர் அதனாலேயே. பிற நிறுவனங்கள் தயாரிக்கும் அட்டைகள் சன் பொறிகளில் இயங்கவேண்டும் என்ற வணிகத் தேவையே இதன் பின்னணி: அட்டையிலேயே அதன் விவரணம் பொதிந்திருக்கும், எந்தச் செயலியும் அதனை வாசிக்கலாம். 1995 முதல் வந்த பீ.சீ.ஐ. வகை மக்கின்ரோஷ் பொறிகளிலும் இந்நிலைபொருள் இடம்பெற்றது.

மரம் உயிருள்ளது, நிலைபொருள் இயங்கிக்கொண்டிருக்கும்வரை அதனிடம் கேட்டறியலாம். ஆனால் வலையமைப்புச் சாதனங்கள், தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பொறிகள் முதலியவற்றில் இத்துணைப் பெரிய நிலைபொருளுக்கு இடமில்லை. யூ-பூற் போன்ற சிறு தொடக்க நிரல்களே அவற்றில் இருந்தன. அவை கருவுக்குக் கையளித்தது ஒரு சீ மொழிக் கட்டமைப்பு மட்டுமே. அதன் உறுப்புகள் எவ்வொழுங்கில் உள்ளன என்பதோ பொறிக்குப் பொறி வேறுபட்டது. தொடக்க நிரலும் கருவும் ஒரே ஒழுங்கை நம்பினாலன்றிப் பொறி மௌனமாக இறந்துபோகும்.

2005இல் லினக்ஸின் 32, 64 பிற் பவர்பீசீ கிளைகள் ஒன்றாக்கப்பட்டபோது, எல்லாப் பவர்பீசீ பொறிகளுக்கும் சாதன மரம் கட்டாயம் என முடிவாயிற்று. ஐ.பீ.எம். ஊழியராயிருந்த பென்ஜமின் ஹெரென்ஸ்மிட் அதற்கு ஒரு வழி வகுத்தார். மரத்தை வெட்டித் தட்டையாக்கி, நிலைபொருளின் துணையின்றியே வாசிக்கத்தக்க இருமத் துண்டாக்குவது அது. தொடக்க நிரல் அத்துண்டைக் கருவிடம் கையளிக்கவேண்டும். ஆனால் வயல்வெளியிலும் தொழிற்சாலையிலும் ஏற்கெனவே பொருத்தப்பட்ட பொறிகளின் தொடக்க நிரல்கள் மரத்தை அறியா. அவற்றை மாற்றுவதோ பல சமயங்களில் இயலாத காரியம். ஆகவே கருவைச் சுற்றி ஓர் உறை அமைத்து, உறைக்குள் மரத்தையும் வைத்தனர். பழைய தொடக்க நிரல் பழைய கட்டமைப்பையே கையளிக்கும். உறை அதனை வாங்கி, மரத்தின் வெற்றிடங்களை நிரப்பி, உள்ளிருக்கும் கருவுக்குப் புதிய மொழியில் எடுத்துரைக்கும். 1960களில் இயல்பாயிருந்தது இங்கே சமரசமாக மீள்கிறது. வடிவம் ஒன்று, அதனைத் தோற்றுவித்த சமூக நிலை வேறு. இலக்கிய வரலாற்றில் ஒரே யாப்பு இருவேறு யுகங்களில் இருவேறு பணிகளைச் செய்வதை நாம் கண்டிருக்கிறோமல்லவா?

ஏ.ஆர்.எம். உலகிலேதான் முரண்பாடு முற்றி வெடித்தது. 1990இல் ஏக்கோன், அப்பிள், வீ.எல்.எஸ்.ஐ. ஆகிய நிறுவனங்களின் முயற்சியால் தோன்றிய ஏ.ஆர்.எம். நிறுவனம் தொழிற்சாலை எதனையும் நடத்தவில்லை. அது விற்றது செயலியின் வரைவையும் அதனைப் பயன்படுத்தும் உரிமத்தையும் மாத்திரமே. உரிமம் பெற்ற ஒவ்வொரு நிறுவனமும் செயலியைச் சுற்றித் தன் விருப்பப்படி கடிகாரங்களையும் இடைமுகங்களையும் இணைத்துச் சில்லாக்கிற்று. அச்சில்லை வாங்கிய நிறுவனம் தொலைபேசியாக்கி, அதற்கான மென்பொருளையும் தானே ஏற்றி, மூடிய பெட்டியாக விற்றது. வட்டை வாங்கிவந்து முறைமையை நிறுவும் பயனாளர் எவரும் இங்கில்லை. ஆதலால் தனியாட் கணினியில் ஒப்புமையை வற்புறுத்திய சந்தை விசை இங்கே செயற்படவில்லை. பன்மை என்பது பொறியியலாளரின் ஒழுங்கீனத்தால் வந்ததன்று. மூலதனம் அத்துறையில் எடுத்த வடிவத்தின் விளைவு அது.

லினக்ஸ் இதனை ஓர் எண்ணால் சமாளித்தது. ஒவ்வொரு பொறி வகைக்கும் ரசல் கிங் பேணிய பதிவேட்டில் ஓர் எண் வழங்கப்பட்டது. தொடக்க நிரல் அவ்வெண்ணை ஒரு பதிவகத்தில் வைத்துக் கருவை அழைக்கும். கரு தன்னுள்ளே தொகுக்கப்பட்டிருக்கும் 'பலகைக் கோப்பு'களுள் அவ்வெண்ணுக்கு உரியதைத் தேடி எடுக்கும். விவரணம் முழுவதும் சீ மொழி நிரலாகக் கருவினுள் இருந்தது. எண்கள் ஆயிரக்கணக்கிற் பெருகின. ஒரே கடிகாரச் சாதனத்துக்கு ஒரு நிறுவனத்தார் எழுதியதை மற்றொரு நிறுவனத்தார் அறியாது மீண்டும் எழுதினர். 2011 மார்ச் 17ஆந் திகதி லீனஸ் தோர்வால்ட்ஸ் பொறுமையிழந்து, ஏ.ஆர்.எம். கிளை முழுவதும் தாங்கவொண்ணாத் தொல்லையாகிவிட்டதென வசைச்சொற் கலந்து எழுதினார். அவ்வசையை மேற்கோள் காட்டுவோர் பலர். அதன் பின்னிருந்த வீணுழைப்பின் அளவைச் சிந்திப்போர் சிலரே.

முன்னரே, 2010இல், ஏ.ஆர்.எம்., ஐ.பீ.எம்., சம்சுங், ரெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் முதலிய நிறுவனங்கள் லினாரோ என்ற கூட்டமைப்பை நிறுவியிருந்தன. போட்டி நிறுவனங்கள் கூலிகொடுத்து அமர்த்திய பொறியியலாளர்கள் பொதுவுடைமையான ஒரு நூலை ஒன்றுசேர்ந்து எழுதும் விசித்திரக் காட்சி இது. மார்க்ஸ் 1857-58இல் எழுதிய குருந்திரிசைக் குறிப்புகளில், இயந்திரத்தினுள் உறைந்திருக்கும் சமூகத்தின் பொது அறிவைப்பற்றிப் பேசும் பகுதியை இன்று மேற்கோள் காட்டாதார் இல்லை. ஆனால் பொது அறிவு தானாகப் பொதுவாகிவிடுவதில்லை. தனித்தனியே எழுதுவதன் செலவு சேர்ந்தெழுதுவதன் செலவை மீறும்வரை மூலதனம் காத்திருந்தது என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மை.

கிரான்ற் லைக்லி முதலியோரின் முயற்சியால் ஏ.ஆர்.எம். கிளைக்கும் சாதன மரம் வந்தது. ஆண்ட் பேர்க்மன், ஓலொஃப் யோகன்சன் ஆகியோர் அக்கிளையின் பங்களிப்புகளை ஒருசேரப் பேணலாயினர். 2012 டிசெம்பரில் வெளியான 3.7ஆம் பதிப்பிலிருந்து ஒரே கருப்படிமம் பல நிறுவனங்களின் சில்லுகளில் இயங்குவது சாத்தியமாயிற்று. ஆயினும் பவர்பீசீயில் எழுந்த அதே இடர் இங்கும் எழுந்தது. விற்கப்பட்டுவிட்ட பொறிகளின் தொடக்க நிரல்கள் மரத்தை அறியாதவை. அவற்றுட் பல தயாரிப்பாளரால் பூட்டப்பட்டவை.

2011இல் இதற்குக் கண்ட தீர்வு வியக்கத்தக்க எளிமையுடையது. சுருக்கப்பட்ட கருப்படிமத்தின் வாலிலே மரத்தின் இருமக் கோப்பை அப்படியே ஒட்டிவிடுவது. இரு கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதும் சாதாரணக் கட்டளை ஒன்றே போதும். சுவடிக் கட்டின் இறுதியில் ஓர் ஓலையைக் கோத்துவிடுவது போல எனலாம். படிமத்தின் தலைப்பகுதியிலுள்ள விரிப்பு நிரல், தன் முடிவுக்கு அப்பால் உள்ள நினைவகத்தை நோக்கும். மரக்கோப்பு எதுவும் ஒரு குறிப்பிட்ட எண்ணோடுதான் தொடங்கும். பதினாறடி எண்முறையில் எழுதினால் அது ஆங்கிலத்தில் 'டூட் ஃபீட்' என்று படிக்கத்தக்கதாயிருக்கும், நிரலர் குறும்பு! அவ்வெண் தென்பட்டால் மரம் உண்டு எனக் கொண்டு, கருவோடு அதனையும் எடுத்துச்செல்லும். பழைய தொடக்க நிரல் தரும் நினைவக அளவு, கட்டளை வரி ஆகியவற்றை மரத்தினுட் பொறித்துவிடவும் துணைத் தெரிவொன்று உண்டு. இதனை எழுதியோர் இதைப் பெருமையோடு முன்வைக்கவில்லை. பழைய பொறிகளுக்கான வசதி மட்டுமே எனவும், மரம் ஒட்டப்படாத நிலையில் நினைவகத்தில் முன்பு எஞ்சிய குப்பையை மரமென மயங்கும் அபாயம் உண்டெனவும் தெரிவின் விளக்கக் குறிப்பிலேயே எச்சரித்தனர்.

அந்த இருமக் கோப்பின் எண்கள் யாவும் பெரிய இலக்கம் முன்வரும் ஒழுங்கில் எழுதப்பட்டவை. இன்றைய ஏ.ஆர்.எம். பொறிகளில் லினக்ஸ் பெரும்பாலும் இதற்கு எதிரொழுங்கிலேயே இயங்குகிறது; ஆகவே ஒவ்வொரு எண்ணையும் திருப்பியே வாசிக்கவேண்டும். காரணம், இவ்வடிவம் பவர்பீசீயிற் பிறந்தது. ஒரு நூலின் சொல்வழக்கைக் கொண்டு அதன் நாட்டையும் காலத்தையும் கணிப்பது எமது துறையின் பழைய தொழில். இருமக் கோப்புக்கும் அது பொருந்துவது கண்டு இக்கட்டுரையாளர் மகிழ்ந்தார் என்பதை மறைக்கவேண்டியதில்லை.

தொலைபேசித் தயாரிப்பாளர் இவ்வொட்டுமுறையை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தினர். 64 பிற் ஏ.ஆர்.எம். கிளை இம்முறையை ஏற்கவில்லை. எனினும் அன்ரொயிட் கருக்களில் அது தனியாகச் சேர்க்கப்பட்டது. குவால்கொம் சில்லுகளைக் கொண்ட தொலைபேசிகளில் ஒரே படிமத்தின் பின்னால் பல மரங்கள் ஒட்டப்பட்டன. தொடக்க நிரலே சில்லின் எண்ணையும் பலகையின் எண்ணையும் ஒப்பிட்டு உரியதைத் தெரிந்தது. ஒரு மாதிரியின் பல திரிபுகளை ஒரே படிமத்தால் விற்கும் வசதி இதனாற் கிட்டிற்று. அக்காலத்தில் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே அம்மாதிரிக்கான பராமரிப்பு பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. பொறி கெடவில்லை, அதன் சில்லும் திரையும் இன்னும் உழைக்கும், ஆயினும் அதன் கரு அங்கேயே உறைந்துவிடும். பயன்பாட்டுப் பெறுமதி எஞ்சியிருக்க, பரிமாற்றப் பெறுமதிக்காகப் பொருளைச் சாகவிடுதல் இது.

2017இல் தொடங்கிய போஸ்ட்மார்க்கற்ஓ.எஸ். என்னும் தன்னார்வத் திட்டம் இத்தகைய தொலைபேசிகளில் இன்றைய லினக்ஸை இயக்க முனைகிறது. தயாரிப்பாளரின் தொடக்க நிரலை அவர்களால் மாற்றவியலாது. எனவே அவர்கள் எடுத்த கருவியும் அதே ஒட்டுமுறைதான்: சாதன விவரணத்தை ஊதியமின்றித் தாமே எழுதி, புதிய கருவின் வாலில் ஒட்டி, பூட்டிய வாயில் வழியாகவே உள்ளே அனுப்புகின்றனர். எழுதுவதற்கான மூலம் பெரும்பாலும் தயாரிப்பாளர் வெளியிட்ட பழைய கருவின் மூலநிரலே. கருவின் பொது உரிமம் மூலத்தை வெளியிடக் கட்டாயப்படுத்தியதால், விவரணம் கருவோடு பிணைந்திருந்த இடங்களில் விவரணமும் வெளியே வந்தது. பிணைப்பு அடிமைத்தனம், பிரிவு விடுதலை என்று எளிதாகக் கூறிவிடுவோர் இவ்வுண்மையைக் கவனித்தல் நன்று.

எல்லாவற்றையும் உடைமை உறவுகளாற் காரணங்காட்டும் இயந்திரப் பார்வையும் இங்கே செல்லாது. 2020இல் லினக்ஸ் ஏற்ற கே210 என்ற சிறு ரிஸ்க்-வீ சில்லில் மரம் கருவினுள்ளேயே தொகுக்கப்பட்டது. 8 மெகாபைற் நினைவகமே கொண்ட அச்சில்லின் தொடக்க முறை மரமொன்றைத் தனியே கையளிப்பதன்று. அங்கே சதியேதுமில்லை, வறுமை மட்டுமே உண்டு. எம்மவருட் சிலர் இலக்கியத்திற் செய்த வாய்பாட்டுத் தவறுகளைப் பொறிகளிடத்தும் செய்யவேண்டியதில்லை.

சாதன மரத்துக்கு 2016இல் தனி நியமம் ஒன்று வெளிவந்தது. எந்தப் பணிசெயல் முறைமைக்கும் உரியதாக விவரணம் இருத்தல் வேண்டும் என்பது அதன் இலட்சியம். எனினும் விவரணங்களின் மூலக் கோப்புகள் இன்றும் லினக்ஸின் மூலக்களஞ்சியத்துள்ளேயே பெரும்பாலும் வளர்கின்றன. ஏனைய முறைமைகள் அங்கிருந்து பெற்றுக்கொள்கின்றன. அன்ரொயிட்டிலோ பிரிவு வேறு திசையிற் சென்றது. 2019இன் 10ஆம் பதிப்பில் மரத்துக்கெனத் தொடக்கப் படிமத்தில் தனியிடம் ஒதுக்கப்பட்டது. அடுத்த பதிப்பின் அமைப்பில் அது தயாரிப்பாளருக்குரிய வேறொரு பிரிவினுட் சென்றது. கரு கூகிள் தொகுக்கும் பொதுக் கருவாக மாறிவர, விவரணம் தயாரிப்பாளரின் பிரிவில், அவருடைய கையொப்பத்தின் கீழ் வைக்கப்படுகிறது. இரு பிரிவுகளையும் தொடக்க நிரல் இயங்குமுன் சரிபார்க்கும். சரிபார்க்கும் திறவுகோல் தொலைபேசியை விலைகொடுத்து வாங்கியவரிடம் பெரும்பாலும் இல்லை.